டிரெய்லர் இழுக்கும் டிராக்டருக்குத் தனி ஆயில் கூலர் தேவையா?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் டிராக்டரின் வேலை உழவோடு முடிவதில்லை. மலையடிவாரத் தோப்புகளிலிருந்து தேங்காயும் மாங்காயும், வயல்களிலிருந்து நெல்லும் கரும்பும் வைக்கோலும், சூளைகளிலிருந்து செங்கல்லும், கோடையில் வற்றிய கண்மாய்களிலிருந்து வண்டல் மண்ணும் டிரெய்லரில்தான் வந்து சேருகின்றன. ஐந்து ஏக்கர், ஆறு ஏக்கர் நிலம் வைத்திருப்பவர் வங்கிக் கடனில் டிராக்டர் வாங்கினால், சொந்த நிலத்து உழவை மட்டும் நம்பித் தவணை கட்டுவது கடினம். உழவு இல்லாத மாதங்களில் வாடகைக்கு லோடு அடித்துத்தான் சமாளிக்க வேண்டியிருக்கிறது.

லோடு அடிக்கும் டிராக்டரில் சித்திரை, வைகாசி வெயிலில் ஒரு கவலை தோன்றும். நாலைந்து நடை முடித்துவிட்டு இறங்கிப் பார்த்தால், இருக்கைக்குக் கீழே உள்ள கியர் பெட்டியிலும் பின் அச்சிலும் கை வைக்க முடியாது. லாரிகளுக்குப் போடுவதுபோல ஒரு ஆயில் கூலர் மாட்டிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கூலர் என்பது எண்ணெயின் சூட்டைக் காற்றில் விடும் சிறிய ரேடியேட்டர்தான். ஆனால் குழாய், விசிறி, கூலி எல்லாம் சேர்ந்தால் சிறு விவசாயிக்கு அது ஒரு தவணைப் பணம். பொருத்தமில்லாத கூலரைத் தவறான இடத்தில் மாட்டினால் ஹைட்ராலிக் பம்பும் பழுதாகும். ஆகவே சூடு எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடித்தாக வேண்டும். அதன்பிறகே கூலர் தேவையா, தேவையானால் எந்த வகை, எந்த அளவு என்ற கேள்விகள் வரும்.

லாரிக்கு ஏற்றது டிராக்டருக்கு ஏற்குமா?

தனிக் கூலர் பொருத்தும் வழக்கம் பெரும்பாலும் ஆட்டோமாடிக் கியர் வண்டிகளிலிருந்து வந்தது. அமெரிக்கா போன்ற நாடுகளில் கனமான டிரெய்லர்களையும் பழுதான வண்டிகளையும் இழுக்கும் டிரக்குகளில் கிளட்சு மிதி கிடையாது. அதற்குப் பதிலாக டார்க் கன்வெர்ட்டர் என்ற உறுப்பு இருக்கிறது. எண்ணெய்க்குள் இரண்டு விசிறிகளை எதிரெதிரே வைத்தது போன்ற அமைப்பு அது. என்ஜின் ஒரு விசிறியைச் சுற்றுகிறது; அது தள்ளும் எண்ணெய் மற்ற விசிறியைச் சுற்றுகிறது. பாரம் இழுத்து மேடு ஏறும்போது ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுற்றுவதால் இடையில் எண்ணெய் கடையப்பட்டுச் சூடாகிறது. அந்தச் சூட்டைத் தணிக்க, கியர் பெட்டியிலிருந்தே இரண்டு குழாய்கள் வெளியே வந்து ரேடியேட்டர் வழியாகத் திரும்பிச் செல்கின்றன. பாரம் மிகுந்தால் அந்தத் திரும்பும் குழாயில் இன்னொரு கூலரைச் சேர்த்துக்கொள்கிறார்கள். பம்பும் குழாயும் ஏற்கெனவே இருப்பதால் வேலை சுலபம்.

நம் பகுதியில் ஓடும் 35 முதல் 50 குதிரைத்திறன் வரையிலான டிராக்டர்களில் பெரும்பாலானவற்றின் அமைப்பு வேறு. உலர்ந்த தகட்டுக் கிளட்சு, அதன் பின்னால் பல்சக்கரங்கள், டிபரென்ஷியல், பின் அச்சு. பல்சக்கரங்கள் எண்ணெயில் பாதி மூழ்கிச் சுற்றி, எண்ணெயை வாரியடித்துத் தாமே நனைத்துக்கொள்கின்றன. எண்ணெயைக் கியர் பெட்டிக்கு வெளியே கொண்டுபோய்க் குளிரவைத்துத் திருப்பியனுப்பும் குழாயே பல மாடல்களில் இல்லை. நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள வார்ப்பிரும்புக் கூடுதான் அதற்குக் கூலர். டிராக்டர் ஓடும்போது காற்று பட்டுக் கூடு சூட்டை விட்டுவிடுகிறது. கூட்டின் மேல் விரற்கடை கனத்துக்குச் சேறும் கிரீசும் அப்பியிருந்தால் அது கம்பளி போர்த்தியது போலாகும். அதைச் சுரண்டிக் கழுவக் காசு செலவில்லை.

கையை நம்பலாமா?

கை பொறுக்காத சூடு என்றால் அபாயம் என்று பலரும் நினைக்கிறார்கள். 60 டிகிரி செண்டிகிரேடு சூட்டிலேயே இரும்பில் சில நொடிகளுக்கு மேல் கை வைக்க முடியாது. பாரம் இழுக்கும் டிராக்டரின் கியர் எண்ணெய் 60 முதல் 90 டிகிரி வரை இருப்பது இயல்பு. எனவே கை சொல்வதை வைத்து முடிவு செய்வது சரியன்று. தொடாமலே சூட்டை அளக்கும் கைத்துப்பாக்கி போன்ற வெப்பமானிகள் இப்போது சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கின்றன. நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொள்ளலாம். பளபளக்கும் உலோகத்தைக் குறிவைத்தால் அது தவறான அளவு காட்டும்; பெயிண்ட் அடித்த, சேறு துடைத்த இடத்தில் அளக்க வேண்டும். கூட்டின் வெளிப்புறச் சூடு உள்ளே இருக்கும் எண்ணெயின் சூட்டைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும்.

முழு லோடுடன் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிய பிறகு அளந்ததில் 90 டிகிரிக்குள் இருந்தால் கூலரைப் பற்றிய பேச்சே வேண்டாம். 100 டிகிரியை ஒட்டி இருந்தால் காரணம் தேட வேண்டும். 110 டிகிரியைத் தாண்டினால் வண்டியை நிறுத்திவிடுவது நல்லது. எண்ணெய் தாங்கும் அளவுக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிறது என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. சூட்டில் ரப்பர் சீல்கள் கெட்டிப்பட்டு, வெடித்து, ஒழுகவும் தொடங்கும்.

பல்சக்கரம் தரும் சூடு எவ்வளவு?

45 குதிரைத்திறன் என்பது சுமார் 33 கிலோவாட். முழுத் திறனில் இழுக்கும்போது, பல்சக்கர உராய்விலும் எண்ணெய் கடைவதிலும் பத்தில் ஒரு பங்கு வீணாகிறது என்று கொண்டால் 3.3 கிலோவாட் சூடாக மாறுகிறது. வீட்டில் வெந்நீர் போடும் ஒரு கிலோவாட் ஹீட்டர் கம்பி மூன்றை எண்ணெய்க்குள் போட்டதற்குச் சமம் இது. ஆனால் லோடு அடிக்கும்போது எப்போதும் முழுத் திறன் தேவைப்படுவதில்லை. டிராக்டரும் லோடும் சேர்ந்து 10 டன் என்று வைத்துக்கொள்வோம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே உள்ளது போன்ற சமமான தார்ச்சாலையில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போக 11 கிலோவாட் அளவே போதும். அப்போது பல்சக்கரங்கள் தரும் சூடு ஒன்று, ஒன்றரை கிலோவாட்டுக்கு மேல் போகாது. அதை வார்ப்பிரும்புக் கூடே சமாளித்துவிடும். அப்படியிருந்தும் எண்ணெய் கொதிக்கிறது என்றால் வேறு எங்கோ இருந்து சூடு வருகிறது.

டிப்பர் லீவரும் எண்ணெய் அளவும்

பெரும்பாலான டிராக்டர்களில் கியர் பெட்டிக்கும் ஹைட்ராலிக் லிப்டுக்கும் எண்ணெய் பொது. டிப்பிங் டிரெய்லரின் தொட்டியைத் தூக்குவதும் அதே எண்ணெய்தான். தொட்டி முழு உயரத்துக்கு வந்த பிறகும், ஒட்டிய மண் விழட்டும் என்று லீவரைத் தூக்கியபடியே பிடித்திருப்பவர்கள் உண்டு. அப்போது போக வழியில்லாத எண்ணெய், அழுத்தம் தணிக்கும் ரிலீப் வால்வைத் தள்ளிக்கொண்டு திரும்பி வருகிறது. நிமிடத்துக்கு 25 லிட்டர் தள்ளும் பம்பு, 180 பார் அழுத்தத்தில் வால்வு திறக்கிறது என்றால், எண்ணெயில் இறங்கும் சூடு 7.5 கிலோவாட். லாரி டயரின் காற்றழுத்தத்தைப்போல் இருபது மடங்குக்கு மேற்பட்ட அழுத்தம் அது. முழு பாரத்தில் பல்சக்கரங்கள் எல்லாம் சேர்ந்து தரும் சூட்டைவிட இது இரண்டு மடங்குக்கு மேல். ஹைட்ராலிக் வேலை செய்யும்போது கீச்சென்று ஒரு சத்தம் கேட்டால் ரிலீப் வால்வு திறந்துவிட்டது என்று அறிந்து லீவரை உடனே விட்டுவிட வேண்டும். ஒட்டிய மண்ணை மண்வெட்டியால் தள்ளுவதே மேல்.

டிப்பர் சிலிண்டர் தூக்கும்போது சில லிட்டர் எண்ணெயை இழுத்துக்கொள்கிறது. அந்தக் குறையைச் சரிக்கட்ட, தொட்டி இறங்கியிருக்கும்போதே அளவுக்கோலின் மேல் கோட்டையும் தாண்டி ஊற்றிவிடுகிறார்கள். அதிகமாக ஊற்றிய எண்ணெயைப் பல்சக்கரங்கள் மத்துபோல் கடையும். நுரை கட்டும், சூடு ஏறும். மாடு களைத்து நுரை தள்ளினால் வண்டிக்காரர் நுகத்தடியிலிருந்து அவிழ்த்துத் தண்ணீர் காட்டுவார். டிராக்டர் நுரை தள்ளுவதோ கூட்டுக்குள்ளே. நுரையை உறிஞ்சும் பம்பு இரைச்சல் போடும், அரிக்கப்படும். எண்ணெய் குறைந்தாலும் இதே கதிதான். டிப்பர் வேலைக்கு எவ்வளவு கூடுதல் எண்ணெய் அனுமதிக்கப்படுகிறது என்பதை அந்த மாடலின் கையேட்டைப் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும்.

இன்னொருவர் டிரெய்லரை வாங்கி மாட்டும்போது அவருடைய சிலிண்டரில் உள்ள எண்ணெயும் நம் டிராக்டருக்குள் வருகிறது என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. ஹோஸ் முனைகளைத் துடைக்காமல் மாட்டினால் மண்ணும் கூடவே வரும். பில்டர் அடைபட்டால் பம்பு திணறும், அதனாலும் சூடு. சேற்று உழவு முடிந்த கையோடு லோடு அடிக்கப் போகிறவர்கள் அளவுக்கோலை உருவி எண்ணெயின் நிறத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கூலர் மாட்டினாலும் மோர் மோராகவேதான் இருக்கும். காரணமான சீலை மாற்றி, எண்ணெயையும் முழுதாக மாற்ற வேண்டும். கறுத்துக் கருகல் வாடை அடித்தால் எண்ணெய் வெந்துவிட்டது என்று பொருள்.

எண்ணெய் வகையிலும் சிக்கனம் கூடாது. எண்ணெயில் மூழ்கிய பிரேக், அதாவது ஆயில் பிரேக் உள்ள டிராக்டர்களுக்கு அதற்கென்றே தயாரான எண்ணெய் வேண்டும். சாதாரணக் கியர் ஆயிலை ஊற்றினால் பிரேக் தகடுகள் அலறும், அதிரும், சீக்கிரம் தேயும்.

இறக்கத்தில் ஏறும் சூடு

மேடு ஏறும்போதுதான் சூடு அதிகம் என்று தோன்றும். ஆயில் பிரேக் டிராக்டரில் இறக்கமே பொல்லாதது. செண்பகத்தோப்புப் பக்கமோ அய்யனார் கோவில் பக்கமோ அடிவாரத் தோப்பிலிருந்து பாரத்தோடு இறங்கும் டிராக்டரை எடுத்துக்கொள்வோம். நூறு அடிக்கு ஐந்து அடி சாயும் இறக்கத்தில் அதே 10 டன், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால், சக்கர உராய்வு போக 16 கிலோவாட்டுக்கு மேற்பட்ட சக்தியை யாராவது தடுத்து நிறுத்த வேண்டும். என்ஜின் தடுக்காவிட்டால், டிரெய்லருக்கும் பிரேக் இல்லாவிட்டால், அவ்வளவும் டிராக்டரின் பிரேக் தகடுகளில் இறங்கி எண்ணெய்க்குப் போகிறது. அப்படி ஒரு கிலோமீட்டர் இறங்கினால் 50 லிட்டர் எண்ணெயை 30 டிகிரிக்கு மேல் சூடேற்றக்கூடிய அளவு அது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுபவர் என்ஜினின் தடையை இழந்துவிடுகிறார். கிளட்சை மிதித்தபடி இறங்குவதும் அதேதான். டிராக்டருக்குப் போடும் எந்தச் சிறிய கூலரும் இந்தச் சூட்டுக்கு ஈடுகொடுக்காது.

எந்தக் கியரில் அந்த மேட்டை ஏற முடியுமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும். இறங்கத் தொடங்கும் முன்பே அந்தக் கியருக்கு வந்துவிட வேண்டும். பாதியில் மாற்ற முயன்று கியர் விழாமல் போனால் வண்டி கைவிட்டுப் போகும். சாலைக்கு வந்ததும் இரண்டு பிரேக் மிதிகளையும் கொண்டி போட்டு இணைக்க வேண்டும். இணைக்காமல் ஒன்றை மட்டும் மிதித்தால் டிராக்டர் ஒரு பக்கம் திரும்ப, பின்னால் வரும் லோடு அதைத் தள்ளிக் கவிழ்த்துவிடும். டிரெய்லருக்கும் பிரேக் வேண்டும். தேர் ஓடும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு, வடம் பிடிப்பவர்கள் எத்தனை பேர் இருந்தாலும் முட்டுக்கட்டை போடுபவர் இல்லாமல் தேர் நகரக்கூடாது என்பது தெரியாததா?

லோடின் எடையும் கணக்கில் வரவேண்டும். 10 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி உயரமுள்ள தொட்டியில் 120 கன அடி பிடிக்கும். அதே தொட்டி நிறையத் தேங்காய் மட்டை ஏற்றினால் டிராக்டருக்குத் தெரியவே தெரியாது. ஈரமான வண்டலை விளிம்பு வரை அள்ளினால் ஐந்து டன்னைத் தாண்டும். ஆயிரம் செங்கல் ஏறக்குறைய மூன்று டன். கண்ணளவில் ஏற்றாமல் எடையளவில் ஏற்ற வேண்டும். கண்மாய்க்குள்ளிருந்து கரை ஏறும்போது கிளட்சைப் பாதி மிதித்துத் திணறடித்தால் வெந்துபோவது கிளட்சுத் தகடு. அது எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்சு. கூலரால் அதற்குப் பயனே இல்லை.

முன்னால் உள்ள வெப்பக் காட்டி முள் சிவப்புக்குப் போவது வேறு விஷயம். அது என்ஜின் தண்ணீரின் சூடு. பஞ்சுத் தூசியும் கரும்புச் சோகையும் ரேடியேட்டர் வலையை அடைத்திருக்கும், அல்லது பேன் பெல்ட் தளர்ந்திருக்கும். இந்த இரண்டு சூட்டையும் குழப்பிக்கொண்டுதான் பலர் கூலர் தேடுகிறார்கள்.

உண்மையிலேயே கூலர் வேண்டுமானால்

கூலர் தேவைப்படும் இயந்திரங்கள் இருக்கின்றன. பின்னால் மண் தோண்டும் பேக்கோவோ முன்னால் லோடரோ பொருத்தி நாள் முழுவதும் ஹைட்ராலிக்கில் வேலை செய்யும் டிராக்டர் அவற்றில் முதன்மையானது. கியர் மாற்றாமல் மிதியாலேயே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஹைட்ரோஸ்டாடிக் வண்டிகள், பெல்ட் வண்டி எனப்படும் நெல் அறுவடை இயந்திரங்கள், டார்க் கன்வெர்ட்டர் உள்ள மண் அள்ளும் இயந்திரங்கள் ஆகியவை பொதுவாகக் கம்பெனியிலிருந்தே கூலரோடு வருகின்றன. அவை சூடானால் இருக்கிற கூலரைச் சுத்தம் செய்வதே முதல் வேலை. இரண்டாவது கூலர் வாங்கிய பலருக்குத் தேவைப்பட்டது ஒரு பிரஷ்ஷும் காற்றுக் குழாயும்தான்.

புதிதாக வாங்கும்போது பெட்டியின் மேல் இத்தனை பவுண்டு எடை வண்டிக்கு என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்கக் கூடாது. அது நெடுஞ்சாலையில் காற்றைக் கிழித்துக்கொண்டு ஓடும் ஆட்டோமாடிக் கியர் வண்டிக்கான கணக்கு. நமக்கு வேண்டியது எத்தனை கிலோவாட் சூட்டை அது வெளியேற்றும் என்ற எண். நிமிடத்துக்கு 40 லிட்டர், 150 பார் என்று வேலை செய்யும் பேக்கோவின் ஹைட்ராலிக் சக்தி 10 கிலோவாட். அதில் மூன்றில் ஒரு பங்கு சூடாகும் என்று கொள்வது வழக்கம். ஆக மூன்றரை கிலோவாட் கூலர் போதும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. கூலரின் கிலோவாட் அளவு, எண்ணெய்க்கும் காற்றுக்கும் இடையே எத்தனை டிகிரி வித்தியாசம் இருக்கும்போது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். 40 டிகிரி வித்தியாசத்தில் 4 கிலோவாட் தரும் கூலர், 20 டிகிரி வித்தியாசத்தில் 2 கிலோவாட்தான் தரும். நம் ஊர்க் கோடையில் காற்றே 40 டிகிரிக்கு வந்துவிடும். எண்ணெயை 80 டிகிரியில் வைக்க விரும்பினால் வித்தியாசம் 40. அதே கூலரை ரேடியேட்டருக்குப் பின்னால், என்ஜின் சூடு கலந்த 60 டிகிரிக் காற்றில் வைத்தால் பாதிப் பயன் போயிற்று. ரேடியேட்டருக்கு முன்னால் வைத்தால் நல்ல காற்று கிடைக்கும். ஆனால் ரேடியேட்டருக்குப் போகும் காற்று மறிக்கப்பட்டு என்ஜின் சூடேறலாம். நின்ற இடத்தில் தோண்டும் டிராக்டருக்கு, தனி மின்விசிறியுடன் பக்கவாட்டில் வைப்பதே பொருத்தம். 12 வோல்ட்டில் 100 வாட் விசிறி 8 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும் என்பதால் டைனமோவும் பாட்டரியும் அதைத் தாங்குமா என்று எலெக்ட்ரீசியனிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தகடுகளை அடுக்கிச் செய்த கூலர் சிறிய அளவிலேயே நிறையச் சூட்டை விடும். குழாயில் தகடு கோத்த பழைய மாதிரி சற்றுப் பெரிதாக இருந்தாலும் இடைவெளி அதிகம். பஞ்சும் சோகையும் பறக்கிற நம் வயல்களுக்கு இடைவெளி அகலமான மாதிரியே உகந்தது. நெருக்கமான தகடு இரண்டே நாளில் அடைத்துக்கொண்டால் அதன் திறமையால் என்ன லாபம்?

கூலரை எண்ணெய் திரும்பி வரும் குறைந்த அழுத்தக் குழாயில் மட்டுமே இணைக்க வேண்டும். பம்பிலிருந்து வால்வுக்குப் போகும் அழுத்தக் குழாயில் இணைத்தால் கூலர் வெடித்து, கொதிக்கும் எண்ணெய் ஓட்டுபவர்மேல் பீய்ச்சும். பம்பு உறிஞ்சும் குழாயிலும் இணைக்கக் கூடாது. பம்பு பட்டினி கிடந்து கெடும். எண்ணெய் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது கூலரைச் சுற்றிப் போகவிடும் பைபாஸ் வால்வு உள்ளதாக வாங்குவது நல்லது. பழைய இரும்புக் கடையில் கார் ரேடியேட்டரை வாங்கி மாட்டுவது வேண்டாத வேலை. தண்ணீர் ரேடியேட்டர் தாங்கும் அழுத்தம் ஏறக்குறைய ஒரு பார் அளவுதான். ஹோஸும் எண்ணெய்க்கென்று செய்ததாக இருக்க வேண்டும். தண்ணீர் ஹோஸ் சூடான எண்ணெயில் ஊறி உப்பிவிடும். அதிர்வில் விரிசல் விடாமலிருக்க ரப்பர் புஷ் வைத்துப் பொருத்த வேண்டும். உத்தரவாதக் காலத்தில் உள்ள டிராக்டரானால், கூலர் மாட்டினால் உத்தரவாதம் தொடருமா என்று விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது அவசியம்.

புதிய டிராக்டர் வாங்கப் போகிறவர்கள் இன்னொன்றும் செய்யலாம். மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்ற ஊரில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிலையம் உள்ளது. அங்கே டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகிறார்கள். இழுவைத் திறன், பிரேக், எண்ணெய்ச் சூடு போன்ற விவரங்களை அதில் பார்க்கலாம். தாம் வாங்க நினைக்கும் மாடலின் அறிக்கையை விற்பனையாளரிடம் கேட்கலாம், அல்லது மாவட்ட வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

கூலர் மாட்டியவர்கள், அதற்குள் போன எண்ணெயைக் கணக்கிட்டு, என்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, அளவுக்கோலைப் பார்த்துக் குறைந்ததை ஊற்ற வேண்டும். பிறகு முன்பு அளந்த அதே இடத்தில், அதே வேலையில், ஏறக்குறைய அதே வெயில் நேரத்தில் மீண்டும் சூட்டை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். பத்து டிகிரியாவது குறையவில்லை என்றால் கூலரின் அளவோ இடமோ தவறு. பொருத்திய பட்டறையிடம் அந்தக் குறிப்பைக் காட்டிக் கேட்கலாம்.